இராச்சாப்பாடும் ஒரு விதைதான்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று தன் வாழ்நாளில் நிரப்பிக் கொடுத்த படிவங்களுக்குக் கணக்கில்லை. வீடு கல்வீடா, மண்வீடா? கிணறு கட்டுக்கிணறா? தோட்டக்காணி எத்தனை பரப்பு, வயல் எத்தனை ஏக்கர்? மாடுகள் எத்தனை? நீர் இறைக்கும் இயந்திரம் இருந்ததா? இவ்வளவும் கேட்டார்கள், நாமும் எழுதிக் கொடுத்தோம். "உங்கள் வீட்டில் இரவில் என்ன சமைத்தீர்கள்?" என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாமே சிரித்திருப்போம். உயிர் தப்பி வந்தவனிடம் பிட்டும் சொதியும் பற்றி என்ன பேச்சு என்று நினைத்திருப்போம்.

ஆனால் அந்தக் கேள்வி சிரிப்புக்குரியதல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து. சிறுவயதில் நாம் உண்ட இராச்சாப்பாட்டில் எங்கள் கமத்தின் முழு வரலாறும் இருந்தது. அந்தச் சுவையை அறியாத பிள்ளை அந்தப் பயிரைத் தேடமாட்டான். தேடுவார் இல்லாத பயிரை விதைப்பாரும் இல்லை. காணி ஒருநாள் திரும்பக் கிடைக்கலாம். அந்தக் காணியில் எதை விதைப்பது என்பதைப் பிள்ளைகளின் நாக்குத்தான் தீர்மானிக்கப் போகிறது.

பாட்டில் ஏறாத சாப்பாடு

பண்டிகை உணவுக்கு மதிப்புக் குறைவில்லை. ஆடிப்பிறப்புக் கூழையும் கொழுக்கட்டையையும் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடிவைத்தார். அவர் 1953 இல் மறைந்த பின்பும் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். தைப்பொங்கலுக்கும் அப்படித்தான். எந்த ஊரில் போய் இருந்தாலும் முற்றத்தில் ஒரு பானை வைத்துப் பொங்கிவிடுகிறோம். ஆண்டுக்கொருமுறை வருவது ஆகையால் நாமும் மறப்பதில்லை.

மறந்து போவது மற்ற நாட்களின் சாப்பாடு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்கார வீடுகளில் மத்தியானம் சோறு. இரவில் பிட்டு அல்லது இடியப்பம். குரக்கன்மாவையும் அரிசிமாவையும் கலந்து, சுடுநீர் விட்டுக் குழைத்துக் கொத்தி, தேங்காய்ப்பூப் போட்டு நீத்துப்பெட்டியில் அவித்தெடுத்த பிட்டு. அதற்கு ஒரு கத்தரிக்காய்க் குழம்பு, அல்லது மத்தியானத்து மீன்குழம்பின் மிச்சம். முருங்கையிலை வறை. மீனோ நண்டோ மலிவாகக் கிடைத்த நாளில் ஒடியற்கூழ். ஒடியல்மாவை நீரில் ஊறவிட்டுக் கைப்பு நீரை வடித்து, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு பிடி அரிசி, புளி, அரைத்த செத்தல் மிளகாய் எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய கூழைப் பனையோலைப் பிளாவில் வாங்கிச் சுற்றியிருந்து குடித்தோம்.

வன்னியில் வயற்காரர் வீடுகளில் இரவிலும் சோறுதான். புழுங்கலரிசிச் சோறு, குளத்து மீன், கீரை, மோர். படுவான்கரையிலே சோற்றோடு தயிர். எங்கு பார்த்தாலும் பொதுவாக இருந்த ஒன்று குழையல் சோறு. மத்தியானத்துச் சோற்றையும் கறிகளின் மிச்சத்தையும் அம்மா ஒரே சட்டியில் இட்டுக் குழைத்து, சுற்றியிருந்த பிள்ளைகளின் உள்ளங்கையில் உருண்டை உருண்டையாக வைப்பார். அதன் ருசிக்கு ஈடாக எதையும் சொல்லாதவர் எம்மில் யார்?

மலையகத்திலிருந்து வந்த எங்கள் அயலவரின் நினைவு வேறு. 1977 இலும் 1983 இலும் வன்செயல்களுக்குத் தப்பி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுக்குச் சிறுவயதின் இரவு என்றால் லயத்து அடுப்பில் சுட்ட கோதுமை மா ரொட்டியும் இடித்த சம்பலும்தான். அது தோட்டத்தில் அரிசியோடு பங்கிட்டுக் கொடுத்த மாவில் பிறந்த உணவு. ஆயினும் தாயின் கையால் வந்தபோது அது அவர்களுடைய உணவாகிவிட்டது. "எங்கள் பாரம்பரிய உணவு" என்று பேசும்போது, யாருடைய பாரம்பரியம் என்று ஒருகணம் நின்று கேட்பது நல்லது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழநேர்ந்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் தாம் விட்டுவந்த ஊர்களின் அடுப்பு நினைவுகள் உண்டு. இழப்பு ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதல்ல.

சட்டிக்குள் இருந்த கமம்

இந்த எளிய சாப்பாட்டை ஒரு கமக்காரனின் கண்ணால் பார்ப்போம். குரக்கன் எங்கிருந்து வந்தது? வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் எடுத்த தோட்டத்திலே மாற்றுப் பயிராக வந்தது. ஏறத்தாழ 3 முதல் 4 மாதங்களில் விளைந்து, அதிக நீர் கேளாமல், உலர்த்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் பழுதாகாமல் இருக்கும் தானியம் அது. ஒடியல் எங்கிருந்து வந்தது? விழுந்த பனம்பழத்தின் கொட்டையைப் பொறுக்கிப் பாத்தி போட்டு, மார்கழி, தை மாதங்களில் கிழங்கு கிண்டி, பிளந்து காயவைத்ததில் வந்தது. நல்லெண்ணெய் எள்ளிலிருந்து வந்தது. முருங்கையிலையும் முசுட்டையிலையும் வேலியிலிருந்து வந்தன. வல்லாரையும் பொன்னாங்காணியும் கிணற்றடி வாய்க்காலில் நின்றன.

ஆக, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் தோட்டம், வயல், வேலி, பனங்கூடல், கிணற்றடி எல்லாம் இருந்தன. இவற்றுள் சங்கக்கடையில் வாங்கியது உப்பும் மண்ணெண்ணெயும் போன்ற சிலதான்.

சத்தும் குறைவில்லை. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். நெல்லைப் புழுக்கிக் குத்தும்போது தவிட்டிலுள்ள பி விற்றமின்களில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. முருங்கையிலையில் இரும்புச் சத்தும் உண்டு. வறையில் தேசிக்காய்ப் புளி விட்டால் அந்த இரும்பை உடல் இலகுவாக ஏற்றுக்கொள்ளும். எங்கள் பாட்டிமார் விற்றமின் கணக்குப் பார்த்துச் சமைத்தவர்களல்லர். பல தலைமுறைகளின் பழக்கம் அவர்களுக்கு அந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுத்தது.

நிவாரணம் வளர்த்த நாக்கு

பின்பு நடந்தவை யாவரும் அறிந்தவை. 1990 இல் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு மக்கள் எழுந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்கும் அதற்கு அப்பாலும் நடந்தது. 2008 இலும் 2009 இலும் வன்னி மக்கள் விளைந்த வயல்களை விட்டுவிட்டு இடத்துக்கு இடம் ஓடி, கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலிலும் பின்பு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் முகாம் மூடியதனால் இடப்பெயர்வு முடிந்துவிடவில்லை. வலிகாமம் வடக்கின் காணிகள் முழுவதும் இன்னும் விடுவிக்கப்படவில்லை. 1990 இல் பத்து வயதுப் பிள்ளையாக அங்கிருந்து வந்தவர் இன்று நாற்பதைக் கடந்தவர்.

அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று வந்த உலர் உணவு எங்கள் பிள்ளைகளைப் பட்டினியிலிருந்து காத்தது. அதற்கு நாம் நன்றியுடையவர்களாய் இருக்கவேண்டும். அதைக் குறை சொல்வது எமது நோக்கமல்ல. ஆனால் அவசரத்துக்கென வந்தது பத்து, இருபது ஆண்டுகள் நீடித்தபோது ஒரு தலைமுறையின் நாக்கையே அது வளர்த்துவிட்டது. முகாமில் விறகு அரிது. தானியம் அரைக்கத் திரிகை இல்லை. முருங்கை நட நிலம் இல்லை. மாவைக் குழைத்து ரொட்டி சுடுவதும் பருப்பை அவிப்பதும்தான் சுலபமாக இருந்தன. தாய்மார் செய்யக்கூடியதைச் செய்தார்கள்.

2009 இன் முதல் மாதங்களில் முள்ளிவாய்க்காலில் வரிசையில் நின்று கஞ்சி வாங்கிய சிறுவர்களை நினைத்துப் பாருங்கள். அரிசியும் உப்பும் நீரும்தான் அந்தக் கஞ்சி. அந்தச் சிறுவர்கள் இன்று தகப்பன்மாரும் தாய்மாருமாக இருக்கிறார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்வதை மக்கள் ஒரு நினைவுகூரலாகக் கைக்கொண்டுள்ளனர். ஒரு கிண்ணம் கஞ்சி எவ்வளவு பெரிய நினைவைத் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அது மறக்கக்கூடாத நினைவு. அதேவேளை அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு உணவின் நினைவு என்பது பசியின் நினைவாக மட்டும் இருந்துவிடவும் கூடாது. அடுப்பின் வெளிச்சமும் சுற்றியிருந்து உண்ட இரவும் அவர்களுக்கும் உரியவை.

மூன்று முறை காப்பாற்றிய அறிவு

"பழைய சாப்பாட்டுக் கதை வயிற்றை நிரப்புமா?" என்று யாராவது கேட்டால், நிரப்பியிருக்கிறது என்பதே பதில். கடந்த அரை நூற்றாண்டில் மூன்று முறை நிரப்பியிருக்கிறது.

முதலாவது, 1970 களின் முற்பகுதி. உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, நாட்டில் அந்நியச் செலாவணி இல்லாமற் போய், பாணுக்கு விடியற்காலையில் வரிசை நின்ற காலம். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கட்டுப்படுத்தப்பட்டதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலை நிமிர்ந்தனர். வீடுகளில் மரவள்ளியும் குரக்கனும் அடுப்பேறின. 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. 1980 இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. எங்கள் மண்ணில் விளையாத கோதுமை எங்கள் அன்றாட உணவானது. குரக்கனை வாங்குவார் குறைந்தனர். ஆகவே விதைப்பாரும் குறைந்தனர்.

இரண்டாவது, 1990 இன் பின்னான பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, யூரியா இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். அப்போது ஒடியல் இடிக்கவும் புழுக்கொடியல் மாவாக்கவும் எந்த இலையை வறுக்கலாம் என்று காட்டவும் வீட்டிலே ஒரு பாட்டி இருந்தார்.

மூன்றாவது, அண்மையில் நடந்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு விளைச்சல் விழுந்தது. 2022 இல் நாடே கடனில் மூழ்க, கோதுமை மாவும் அரிசியும் எரிவாயுவும் கைக்கெட்டாத விலைக்கு ஏறின. நகரத்தவரும் விறகு தேடினர், மரவள்ளி தேடினர். அந்நாளில் வேலியோரத்தில் ஒரு முருங்கையும் நாலு மரவள்ளித் தடியும் வைத்திருந்த குடும்பம் மற்றவரைவிடச் சற்று நிம்மதியாக உறங்கியது.

மூன்று தடவையும் எமக்குக் கைகொடுத்தது அடுப்பங்கரையில் இருந்த அறிவு. அதை வைத்திருந்த கைகள் பெரும்பாலும் முதிய பெண்களின் கைகள். அந்தக் கைகள் குறைந்து வருகின்றன. நான்காவது முறை ஒன்று வந்தால் யாரிடம் கேட்போம்? இதுதான் எமது கவலை.

நினைவு மறைக்கும் சில உண்மைகள்

சிறுவயதுச் சாப்பாட்டை நினைக்கும்போது நாம் சிலவற்றை வசதியாக மறந்துவிடுகிறோம். குழையல் சோற்றை உருட்டித் தந்த அம்மா என்ன சாப்பிட்டார்? பெரும்பாலும் சட்டியில் ஒட்டியிருந்ததை. குரக்கன் மாவின் பின்னால் திரிகை சுற்றிய தோள் இருந்தது. அரிசிமாவின் பின்னால் விடியுமுன் உலக்கை பிடித்த கை இருந்தது. ருசி எங்களுக்கு, நோ அவர்களுக்கு. ஊரிலே எல்லோரும் ஒரே பந்தியில் இருக்கவும் இல்லை. வாசலோடு நிறுத்தப்பட்டுச் சிரட்டையில் வாங்கிக் குடித்தவர்களும் எங்கள் ஊரவர்தாம். அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர யாரும் ஆசைப்படலாகாது.

இன்னொன்று. குரக்கனை ஏழையின் சாப்பாடு என்று இளக்காரம் செய்தவர்களும் நாமே. விருந்தாளி வந்தால் பிட்டை மறைத்துவிட்டுப் பாண் வாங்க ஓடினோம். இன்று நீரிழிவுக்காரர் குரக்கன்மா தேடி வாங்குகிறார்கள். நகரத்துக் கடைகளில் அது அழகான பைக்கற்றில் விற்கப்படுகிறது. நாம் வெட்கப்பட்ட தானியத்தை மற்றவர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். கமக்காரனுக்கு இதில் ஒரு பாடமும் உண்டு, ஒரு வருமானமும் உண்டு.

பழையதெல்லாம் தூயது, புதியதெல்லாம் கேடு என்றும் நாம் சொல்லவில்லை. எங்கள் கூழுக்கு உயிர் கொடுக்கும் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. வன்னியார் விரும்பி உண்ணும் யப்பான் மீன் 1950 களில்தான் எங்கள் குளங்களுக்குக் கொண்டுவந்து விடப்பட்டது. வந்ததை ஏற்றுத் தம்முடையதாக்கிய சமையல் எங்களுடையது. பிள்ளை நூடில்ஸ் கேட்டால் அடிக்கத் தேவையில்லை. அதில் இரண்டு பிடி முருங்கையிலை போடத் தெரிந்தால் போதும்.

என்ன செய்யலாம்?

காணி இல்லாதவர்களுக்கும் வாடகை வளவில் இருப்பவர்களுக்கும் செய்யக்கூடியவற்றை மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதலில், கிழமையில் ஓர் இரவு. சனியோ ஞாயிறோ, ஏதாவது ஓர் இரவைத் தேர்ந்து, உங்கள் தாய் சமைத்த ஒன்றைச் சமையுங்கள். வன்னியாருக்கு அது குளத்து மீனும் புழுங்கலரிசிச் சோறுமாகலாம், மலையகத்தவருக்கு ரொட்டியும் இடித்த சம்பலுமாகலாம். அன்று தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஓய்வெடுக்கட்டும். எல்லோரும் ஒன்றாக இருந்து உண்ணட்டும். சமைத்தவரும் அதே நேரத்தில் உண்ணட்டும். முதல் நாளே பிள்ளை விரும்பாது. பிட்டு கறுப்பாக இருக்கிறது என்று முகம் சுளிக்கும். வற்புறுத்தவேண்டாம். நாம் விரும்பி உண்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளை பழகும்.

இரண்டாவதாக, வேலையைப் பங்கிடுங்கள். ஆண்பிள்ளைகள் திருவலையில் இருந்து தேங்காய் திருவட்டும். தகப்பன்மார் இலை உருவட்டும். பெண்களின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றி அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்தால், அந்தப் பாரம்பரியம் நிலைக்காது.

மூன்றாவதாக, எழுதி வையுங்கள். ஓர் அப்பியாசக் கொப்பி போதும். பாட்டியோ பெரியம்மாவோ சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். சமையல் முறையோடு நிறுத்தாமல், அந்தத் தானியத்தை எந்த மாதம் விதைத்தார்கள், எந்த மண், எத்தனை தண்ணீர், விதையை எதில் வைத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதட்டும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்ற நெல்லினங்களின் பெயரை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? பெயர் போனால் விதையும் போகும்.

நான்காவதாக, ஒரு பிடி விதை. முருங்கைத் தடி ஒன்று எந்த மூலையிலும் தளிர்க்கும். வல்லாரையும் பொன்னாங்காணியும் கழிவுநீர் ஓடும் ஓரத்திலே வளரும். கிழிந்த உரப்பையில் மண் நிரப்பினால் பசளி படரும். ஆவணி, புரட்டாதியில் பொறுக்கிய பனங்கொட்டைக்கு ஆறடி நிலம் போதும். மரவள்ளி நடுபவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தோலை முற்றாக நீக்கி, மூடாமல் நன்றாக அவித்து, அந்த நீரை ஊற்றிவிடவேண்டும். அதிலுள்ள நச்சு அப்படித்தான் நீங்கும்.

ஐந்தாவதாக, கூட்டத்தில் வாய் திறவுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் உதவி பற்றிப் பேச்சு வரும்போது, எங்களுக்கு வேண்டியதை நாமே சொல்லவேண்டும். குரக்கன் விதை வேண்டும், அரைக்க ஒரு சிறு ஆலை வேண்டும், பாடசாலைப் பிள்ளைகளின் உணவுக்கு ஊரில் விளைந்ததை வாங்கவேண்டும் என்று கேளுங்கள். திட்டம் வகுப்பவர்கள் ஒரு குடும்பத்துக்கு எத்தனை கிலோ மா என்று கணக்கிடத் தெரிந்தவர்கள். அந்தக் குடும்பம் எதை உண்டு வாழ்ந்தது என்பதை நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

"நிலமே இல்லாதவனுக்கு இந்த நினைவு எதற்கு?" என்று கசப்போடு கேட்போரும் உண்டு. அவர்களின் கசப்பு நியாயமானது. காணியைக் கேட்கும் குரலுக்கு இந்தச் சாப்பாட்டு நினைவு ஈடாகாது. காணியைத் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து காணி கைக்கு வரும் நாளில், வேலியை நிமிர்த்தக் கையிருந்தும் அதற்குள் என்ன நடுவது என்று தெரியாத பிள்ளைகளிடம் அதை ஒப்படைத்தால், பாதிக் காணிதான் திரும்பியிருக்கும். அப்படி வாங்கிய காணி எளிதில் விற்பனைக்கும் போய்விடும்.

வேர் அறுந்தது காலினால் என்றால், அது மறுபடி பிடிக்கத் தொடங்குவது நாக்கினால் ஆகலாம். இந்தக் கிழமை ஒரு கொத்துக் குரக்கன் வாங்குங்கள். முக்கால் கொத்தை அரைப்பித்துப் பிட்டு அவியுங்கள். மீதியைச் சாம்பலில் பிரட்டி ஒரு போத்தலில் இட்டு, விதைக்கும் காலம் வரை அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள். அந்தப் போத்தல் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிவையுங்கள்.